எங்கட ஆள் கஞ்சி குடித்த நாள்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, கனடாவில் எங்கள் வீட்டில் சிரிக்க விரும்பியவர்கள் நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மென்றுக்குத்தான் இறங்கவேண்டியிருந்தது. அப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை. ஊரில், இலங்கையில், போர் முடிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. மேலே வரவேற்பறையில் தொலைக்காட்சி காலையில் தொடங்கிப் படுக்கும்வரை செய்தி சொன்னது. அப்பா வேலையில்லாத நாட்களில் போரை நிறுத்தச் சொல்கிற பதாகையோடு டவுன்ரவுனுக்கு ஊர்வலம் போனார். வீட்டில் நின்ற நேரங்களில் சோபாவின் நுனியில், இதோ எழும்பப்போகிறேன் என்பதுபோல இருந்தார். அம்மா சமைத்தார், ஆனால் பொரிப்பதை நிறுத்திவிட்டார். வடையும் ரோல்சும் கொண்டாட்டத்தில் சேர்த்தி என்று ஆகிவிட்டது. என்னுடைய பிறந்தநாளைப் 'பிறகு செய்வம்' என்றார்கள். எத்தனை நாள் பிறகு என்று கேட்கிற துணிச்சல் எனக்கு வரவில்லை.

பேஸ்மென்றில் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. நாங்கள் இருந்த மல்வேர்னில் இருந்து இரண்டு பஸ் பிடித்துப் போய், ஒரு பெரிய பேக்கரியில் பணிஸ், அதாவது பன், போடுகிற வேலை. விடியமுன் போனால் மத்தியானம் தலைமயிரெல்லாம் மாவோடு திரும்புவார். அவருக்குக் கல்யாணம் பேசிய அம்மா, 'பெடியன் உணவுத்துறையில இருக்கிறார்' என்றுதான் பெண் வீட்டுக்காரருக்குச் சொன்னார். அது பொய்யும் இல்லை.

அந்தப் பேக்கரியில் மாமாவோடு ஒரே மேசையில் நின்று மாப் பிசைந்தவர் ஒரு சிங்கள அங்கிள். அவர் மாமாவுக்குப் பழைய படங்களின் டிவிடிகளைக் கொடுப்பார். மாமா அவற்றைப் பணிஸ் பைக்குள் வைத்து, பணிஸ் கொண்டுவருகிற பாவனையில் வீட்டுக்குள் கொண்டுவருவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கீழே இறங்கிவிடுவேன். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு இருவரும் பார்ப்போம். எந்தப் படத்தைப் போட்டாலும் அதில் ஒரே ஆள் வந்தார். குள்ளமான, வழுக்கை விழுந்த மனிதர். இடது கையால் எப்போதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அவருடைய பெயரை மாமா எனக்குச் சொல்லவில்லை. நான் மேலே போய் உளறிவிடுவேன் என்ற பயம். 'எங்கட ஆள்' என்றே சொல்லுவார். 'எங்கட ஆள் வாறார் பார்', 'எங்கட ஆள் இப்ப விழப்போறார் பார்.' ஆகவே எனக்கும் அவர் எங்கட ஆள் ஆனார்.

"மாமா, இவை கதைக்கிறது என்ன பாஷை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கொழும்புத் தமிழ்," என்றார் மாமா, கண்ணை எடுக்காமல்.

நான் நம்பினேன். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. அந்தப் படங்களில் அக்காவை அக்கா என்றே கூப்பிட்டார்கள். அம்மாவை அம்மே என்றார்கள், கடையைக் கடே என்றார்கள். என்னுடைய தமிழும் அந்தக் காலத்தில் ஏறக்குறைய அந்தத் தரத்தில்தான் இருந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ரீச்சர் என் கொப்பியைத் திருத்தியபிறகு கொஞ்ச நேரம் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கட ஆளுக்கு ஒரு வசனம் இருந்தது. ஏதாவது குழப்படி செய்வதற்கு முன்னால், பக்கத்தில் நிற்கிற ஒல்லிப் பையனின் தோளில் கையைப் போட்டு, உருகுகிற குரலில், "அனே, பொடி மல்லி!" என்பார். எனக்கு அது நன்றாக விளங்கியது. பொடி, மல்லி. மனிதர் மல்லித்தூள் கேட்கிறார். ஆனால் பொலிஸ் நிலையத்தில் கேட்டார். கல்யாண வீட்டில் கேட்டார். பேய் துரத்தும்போதுகூட மரத்தில் ஏறி நின்று கேட்டார். ஒருவரும் கொடுக்கவில்லை.

"ஏன் மாமா இவர் எல்லாரிட்டயும் மல்லித்தூள் கேக்கிறார்?"

மாமா கட்டிலில் விழுந்து, சுவர்ப்பக்கம் உருண்டு, மூச்சு எடுக்க முடியாமல் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தடிமனாக்கும்," என்றார். எங்கள் வீட்டில் சளி பிடித்துத் தடிமன் வந்தால் மல்லி அவித்துத்தான் தருவார்கள். ஆகவே அந்த விளக்கமும் எனக்குச் சரியாகப் பட்டது.

படம் முடிந்தால் எங்கட ஆளின் சரித்திரம் தொடங்கும். மாமா அதை ஒழுங்குமுறையாகச் சொல்லமாட்டார். இன்றைக்குக் கிழவனாக இருப்பார், நாளைக்குப் பையனாக இருப்பார். நான்தான் ஒட்டிச் சேர்த்துக்கொண்டேன். தெற்கே கடற்கரை ஊர் ஒன்றில், ஒரு சலூனில் சவரத்துக்கு நுரை அடிக்கிற வேலையில் இருந்திருக்கிறார். நாடகக் கம்பனி ஒன்று அந்த ஊருக்கு வந்தபோது, பொலிஸ்காரனாக நடிக்கிறவருக்கு வயிற்றோட்டம் பிடித்துக்கொண்டது. நுரை அடிக்கிற பையனைப் பிடித்து உடுப்பை மாட்டி மேடையில் தள்ளிவிட்டார்கள். ஒரே ஒரு வேலை. உள்ளே போய் சலூட் அடித்து, கள்ளனைப் பிடிக்கவேண்டும். ஆனால் காற்சட்டை ஒரு தடியனின் அளவு. சலூட் அடித்ததும் அது இறங்கத் தொடங்கியது. ஒரு கையால் அதைப் பிடித்தார், மற்றக் கையால் சலூட்டை விடவில்லை. இரண்டு கையும் போனதால் கள்ளனைப் பிடிக்க முடியவில்லை. கள்ளனாக நடித்தவர் பாவம் பார்த்துத் தானே சரணடைந்தார். சனம் கொட்டகையைப் பிரித்துவிடும்போலச் சிரித்ததாம். அன்று இடுப்பில் வைத்த கையை மனிதர் பிறகு எடுக்கவேயில்லை.

படத்துக்கு வந்தபிறகு சமையல்காரன், கள்ளன், பேய், மாப்பிள்ளைத் தோழன் என்று எல்லாம் நடித்தார். கதாநாயகர்கள் வந்தார்கள், போனார்கள். அறை வாங்கும் கன்னம் மட்டும் மாறவில்லை. ஒரே ஒருமுறை ஒரு முதலாளி அவரைக் கதாநாயகனாகப் போட்டு சோகப்படம் எடுத்தார். தாய் சாகிற கட்டத்தில் எங்கட ஆள் உண்மையாகவே அழுதிருக்கிறார். தியேட்டர் முழுக்கச் சிரித்ததாம். முதலாளி பின்கதவால் போய்விட்டார். எங்கட ஆளும் அன்று சனத்தோடு சனமாக இருந்து படம் பார்த்தாராம். அவரும் சிரித்தாராம்.

"அவருக்குக் கவலையா இருக்கேல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்திருக்கும். ஆனா சிரிப்பு வந்தா என்ன செய்யிறது?" என்றார் மாமா.

எனக்கு அதிகம் பிடித்தது மாமா அவரிடம் சிங்களம் படித்த கதை. கொழும்புத் தமிழ் படித்த கதை என்றுதான் மாமா சொன்னார். பதினேழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து ஒரு புடவைக்கடையில் நின்றார். வாய் திறந்தால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும் என்ற பயத்தில் முதல் மூன்று மாதம் ஊமைபோல் துணி கிழித்தார். கடைக்குப் பின்னால் ஒரு தியேட்டர். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்து, எங்கட ஆள் சொல்வதைச் சொல்லிச் சொல்லி ஒரு பாஷையைப் படித்துக்கொண்டார். விளைவு என்னவென்றால், மாமாவுக்குத் தெரிந்த சிங்களம் எங்கட ஆளின் சிங்களம் மட்டுந்தான். அதே இழுவை, அதே குழைவு. நல்ல சேலை இருக்கிறது என்று சொன்னாலே வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள்.

ஒருநாள் மாலை சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் ஒருவன் மாமாவை வரிசையிலிருந்து இழுத்துத் தனியே நிறுத்தினான். அவரோடு நிறுத்தப்பட்ட வேறு இரண்டு பெடியன்கள் ஏற்கெனவே ட்ரக்கில் ஏறியிருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டான். மாமாவின் வாய் பயத்தில் தானாகவே எங்கட ஆளின் குரலில் பதில் சொன்னது. ஆமிக்காரன் குனிந்து முகத்தைப் பார்த்தான். இன்னொருமுறை சொல்லு என்றான். சொன்னார். மற்ற ஆமிக்காரனையும் கூப்பிட்டுத் திரும்பச் சொல்ல வைத்தான். பிறகு ஒரு சிகரெட்டைக் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னான். இதை மாமா கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டுவார். நான் கைதட்டி, 'திரும்ப, திரும்ப' என்பேன். ட்ரக்கில் ஏறியவர்களைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

வைகாசியில் போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. முடிந்தால் நல்லதுதானே என்று நான் நினைத்தேன். ஆனால் வீடு இன்னும் மோசமானது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, வன்னியில் இருந்தார். நான் அவரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் குளிர்சாதனப்பெட்டியின் கதவில் காந்தத்தில் ஒட்டியபடி சைக்கிளோடு நின்றார். மார்கழியில் ஒருமுறை கதைத்தவர், பிறகு ஒரு தொடர்பும் இல்லை. காயப்பட்டவர்களை எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அப்பா முதல் தடவையாகப் பேஸ்மென்ற் படியில் இறங்கி வந்தார். சிங்களம் காதில் விழுந்தால் பஸ்ஸில் இருக்கைகூட மாறி இருக்கிறவர் அவர்.

"உனக்கு அவங்கட பாஷை தெரியுந்தானே, மச்சான்," என்றார். ஆஸ்பத்திரி எண்கள் எழுதிய கடதாசியை நீட்டினார்.

அன்றிலிருந்து மாமா பின்னேரங்களில் கோலிங் கார்ட்டைச் சுரண்டி அந்த ஆஸ்பத்திரிகளுக்குத் தொலைபேசி எடுத்தார். இங்கே வெயில் சாயும்போது அங்கே விடிந்துவிடும். மற்றவர்கள் எடுத்தால் ஒரு கேள்வியோடு வைத்துவிடுகிறவர்கள் மாமாவோடு நின்று கதைத்தார்கள். எங்கட ஆளின் அந்தக் குரலைக் கேட்டால் வைக்க மனம் வராது. நான் கம்பளத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நாலு வசனத்துக்கு ஒருமுறை மாமா 'மல்லி' என்பார். ஆஸ்பத்திரிக்கு எடுத்து மல்லி கேட்கிறாரே என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். மாமா மேலே போகச்சொல்லிக் கையைக் காட்டுவார்.

ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கட ஆள் இறந்துவிட்டார் என்று இணையத்தில் செய்தி வந்தது. மாமா கட்டிலில் அப்படியே இருந்துவிட்டார். வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வார்? அந்த மாதத்தில், அந்த வீட்டில், ஒரு சிங்கள நகைச்சுவை நடிகருக்காக அழுகிறேன் என்று சொல்ல முடியுமா? இரவு சாப்பாட்டு மேசையில், ஏன் சோறு இறங்கவில்லை என்று அம்மா கேட்டதற்கு, பல் வலிக்கிறது, பல்லுக்கொதி என்றார். அம்மா கராம்பு எடுத்துக் கொடுத்தார். மாமா அதைக் கடித்துக்கொண்டு துக்கம் கொண்டாடினார்.

சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் இருவரும் கீழே அஞ்சலிக் கூட்டம் வைத்தோம். பள்ளிக்கூடத்தில் பழகியபடி நான் எழும்பி நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தேன். பிறகு, அவர் பொலிஸ்காரனாக வந்து அதே காற்சட்டைப் பகிடியைச் செய்கிற படத்தைப் போட்டோம். காற்சட்டை இறங்குகிற இடத்தில்கூட மாமா சிரிக்கவில்லை. அப்போதுதான் அவருடைய தொலைபேசி அடித்தது. பேக்கரி அங்கிள். மாமா சிங்களத்தில் ஏதோ கேட்டார், திரும்பவும் கேட்டார், கத்தினார். பிறகு தொலைபேசியைக் கட்டிலில் எறிந்துவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார்.

"பிள்ளை! எங்கட ஆள் சாகேல்லையாம்! உயிரோட இருக்கிறாராம்! ஆஸ்பத்திரியில, கஞ்சி குடிச்சவராம்!"

கனடா வீடுகளில் சுவருக்குச் சுவர் காற்றுக்குழாய் ஓடும். பேஸ்மென்றில் தும்மினால் குசினியில் 'நூறு வயசு' என்பார்கள். மாமா கத்தியபோது குசினியில் அம்மாவும் பக்கத்து வீட்டு அன்ரியும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சிங்களத்தில் தொலைபேசிக் கதை. பிறகு தமிழில் இந்த அறிவிப்பு. ஆஸ்பத்திரிகளுக்கு மாமா எடுக்கிறார் என்பது இருவருக்கும் தெரியும். அந்த வீட்டில் எங்கட ஆள் என்றால் சித்தப்பாவைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்?

அம்மா படிக்கட்டுக்கு ஓடிவந்திருக்கிறார். நாங்கள் அதற்குள் சந்தோசத்தில் படத்தைச் சத்தமாக வைத்துவிட்டோம். கீழேயிருந்து சிங்களம் கேட்டதும் அன்ரி அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"இன்னும் லைனில கதைக்கிறான். குழப்பாதையும். முதல் அவருக்கு எடும்."

அம்மா அப்பாவின் தொழிற்சாலைக்கு எடுத்தார். அன்ரி எங்கள் வரிசையில் இருந்த தமிழ் வீடுகள் அத்தனைக்கும் எடுத்தார். கீழே எங்களுக்கு இதொன்றும் தெரியாது. மேலே காலடிச் சத்தம் கூடிக்கொண்டே போனது. "ஆக்கள் வந்திருக்கினம் போல, நாங்கள் பேசாம இருப்பம்," என்றார் மாமா. நாங்கள் பேசாமல் இருந்திருப்போம். ஆனால் அதே குழாய் வழியாக வடை பொரிகிற மணம் வந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு. மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். இருவரும் படியேறினோம்.

வரவேற்பறை நிறையச் சனம். மாமாவைக் கண்டதும் அம்மா மாவுக் கையோடு ஓடிவந்து கட்டிப்பிடித்து, "என்ர ராசா, என்ர ராசா," என்று அழுதார். ஒரு நடிகர் பிழைத்ததற்கு அம்மா இவ்வளவு சந்தோசப்படுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாமாவும் எதிர்பார்க்கவில்லை. அவர் வடைச்சட்டியைப் பார்த்துக்கொண்டு, "உங்களுக்கும் அவரைப் பிடிக்குமே, அக்கா?" என்று கேட்டார்.

அந்த நேரம் வாசற்கதவு திறந்தது. அப்பா வேலை உடுப்போடு, இரும்பு வைத்த பூட்சைக்கூடக் கழற்றாமல், கம்பளத்தில் நடந்து வந்தார். மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எந்த ஆஸ்பத்திரி? ஆர் சொன்னது? தம்பி கதைச்சவனா?"

மாமாவின் முகத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது எனக்குத் தெரிந்தது. மாமாவுக்கு உதவி செய்யவேண்டும் என்று நினைத்தேன்.

"சித்தப்பா இல்லை அப்பா, எங்கட ஆள்! மாமான்ர டிவிடியில வாறவர். கொழும்புத் தமிழில கதைப்பார். இப்பிடி நடப்பார்," என்று இடது கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அறையின் நடுவே நடந்து காட்டினேன். சலூட்டும் அடித்தேன்.

"அத்தான்," என்றார் மாமா. "அது படத்தில நடிக்கிற ஒரு ஆள். பகிடிக்காறன். செத்துப்போனார் எண்டு சொன்னாங்கள். அதுதான்..."

அப்பா அவருடைய கையை விட்டுவிட்டு மாடிப்படியின் கடைசிப் படியில் இருந்தார். குனிந்து பூட்சின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். ஒரு நாடாவை அவிழ்க்க எவ்வளவு நேரம் எடுக்குமோ அதைவிடக் கூட எடுத்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். மாமா அடி வாங்கப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

"உன்ர ஆள் இப்ப எப்பிடி?" என்று நிமிராமல் கேட்டார் அப்பா.

"பறவாயில்லையாம் அத்தான். கஞ்சி குடிச்சவராம்."

"நல்லது," என்றார் அப்பா. "ஆரின்ரையோ ஆள் ஒண்டு தப்பீட்டுது."

அப்போது பக்கத்து வீட்டு அன்ரி, கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்று, "அப்ப இவ்வளவு வடையும் ஒரு சிங்களப் படக்காறனுக்கோ?" என்று கேட்டார்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவின் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு அப்பாவின் முதுகு குலுங்கியது. ஒரு பூட்சைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சிரித்தார். அவ்வளவுதான், வீடு முழுக்கச் சிரித்தது. வந்தவர்கள் வடையைச் சாப்பிட்டார்கள். பொரித்ததை என்ன செய்வது? எங்கட ஆளின் பெயரால் நான் நாலு வடை சாப்பிட்டேன். அம்மா மட்டும் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

சனம் போனபிறகு அப்பா என்னைப் பக்கத்தில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னார். மல்லி என்றால் மல்லித்தூள் இல்லை; தம்பி என்று அர்த்தம். பொடி என்றால் சின்ன. மாமா ஆஸ்பத்திரிகளில் கேட்பது அப்பாவின் தம்பியைத்தான். அது கொழும்புத் தமிழும் இல்லை, சிங்களம். அப்பாவுக்கும் சிங்களம் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் சித்தப்பாவைத் தேடும்போதா சிரித்தேன் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இனிமேல் நானும் கவனமாகக் கேட்டு உதவி செய்வது என்று முடிவெடுத்தேன்.

அன்று பின்னேரம் அப்பாவும் பேஸ்மென்றுக்கு வந்து மாமாவின் கட்டிலில் இருந்தார். நான் கம்பளத்தில். மாமா எண்களை அழுத்தி, எங்கட ஆளின் குரலில் தொடங்கினார். மறுபக்கம் ஒரு பெண் சிரிப்பது எனக்கே கேட்டது. அந்தப் பெண் எங்கேயோ போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு லைனை வேறொரு இடத்துக்கு மாற்றிக் கொடுத்தார். அந்த இடத்தில் மாமா தன் சொந்தக் குரலில் கதைத்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. மறுபடியும் காத்திருந்தோம். அப்பா கட்டிலின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"இல்லையாம், அத்தான்," என்றார் மாமா.

"நல்லது," என்றார் அப்பா. "நல்லது, நல்லது."

முதலில் வார்ட்டில் கேட்பார்கள், அங்கே இல்லையென்றால் பிரேத அறையில் கேட்பார்கள் என்று, நான் வளர்ந்து பெரியவளானபிறகுதான் அம்மா சொன்னார். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், தேடின ஆள் இல்லையாம், அப்பா அதை நல்லது என்கிறார், ஆனால் அவருடைய கை கட்டில் விளிம்பை இன்னும் விடவில்லை என்பது மட்டுந்தான். நான் எழும்பிப் போய் அவருடைய மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னேன்: "யோசிக்காதேங்கோ அப்பா. நாளைக்கு எடுத்தா அங்க இருப்பார்."